கழித்துவிட்ட வெளிச்சம்

ஜனவரியில் பாதிரியாருக்கு அறுக்கிறேன்,
மார்ச்சில் விஞ்ஞானிகளுக்கு.
வாள் ஒன்றுதான்.
பைக்கால் ஏரிக்கு இரண்டும் ஒரே எரிச்சல்.

பாதிரியார் கூரிக்குச் சிலுவை வடிவில் துளை வேண்டும்.
கரையோரம்தான். பனிக்கட்டி அப்போது ஒரு சாண்.
விளிம்பில் பீட்ரூட் சாறு ஊற்றுவார்கள்.
வெள்ளையில் அந்தச் சிவப்பு
மீன் வெட்டிய இடம் மாதிரி இருக்கும்,
அவரிடம் சொன்னதில்லை.
கூலி: கருவாடு, இரண்டு மெழுகுவர்த்தி.

ரிம்மா அர்காதியெவ்னாவுக்குச் சதுரம் போதும்.
கரையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே,
என் இடுப்பளவு பனிக்கட்டி.
கூலி: ரூபிள், மூன்று இடத்தில் கையெழுத்து.
கம்பிவடத்தில் கோத்து
கண்ணாடி உருண்டைகளை இறக்குகிறார்கள்.
ஒவ்வொன்றும் பூசணிக்காய்ப் பெரிசு,
ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கண்,
ஆயிரம் மீட்டருக்கும் கீழே
விடியல் என்று ஒன்று இல்லாத இடத்துக்கு.

எல்லாக் கண்ணும் கீழ்நோக்கி இருந்தன.
"தலைகீழாய்க் கட்டிவிட்டீர்கள்" என்றேன்.
இல்லையாம்.
பூமிக்கு அந்தப் பக்கத்து வானத்தை
பூமி வழியாகவே பார்க்கிறார்களாம்.
நியூட்ரினோ என்று ஒன்று.
மலை, கடல், மாடு, மனிதன்
எதையும் தொடாமல் எதன் வழியும் போகுமாம்.
இதைச் சொல்லி முடிப்பதற்குள்
என் கட்டைவிரல் நகத்தைக்
கோடிக்கணக்கில் கடந்துவிட்டதாம்.
நகத்தைப் பார்த்தேன்.
கிரீஸ் இருந்தது.

ஒருநாள் பாதிரியார் வேடிக்கை பார்க்க வந்தார்.
"இத்தனை போகிறதே, எத்தனை அகப்படும்?"
"நட்சத்திரங்களுக்கும் அப்பாலிருந்து வந்தது என்று
சத்தியம் செய்யக்கூடியதா?
வருஷத்துக்கு ஒரு கை விரல்."
"என் ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான்" என்றார்.
இருவரும் சிரித்தார்கள்,
என் தெர்மாஸ் மூடியிலேயே
மாற்றி மாற்றித் தேநீர் குடித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை.
புரோகோர் அந்தத் தண்ணீரில் இருக்கிறான்.
என் தம்பி. ஒன்பது வருஷமாகிறது.
ஏப்ரலில், "இன்னும் ஒரே நடை" என்று
ஏரிமேல் லாரியை ஓட்டினான்.
முன்விளக்கு இரண்டும் எரிந்தபடியே
இறங்கியதைப் பார்த்தவர்கள் உண்டு.
காலிப் பெட்டிக்கு ஜெபம் சொல்லி
"கடவுளிடம் இருக்கிறான்" என்றார் பாதிரியார்.
எனக்குத் தெரிந்து அவன் ஏரியில் இருக்கிறான்.

அன்றிரவு, வின்ச்சுக்கு எண்ணெய் விடும் சாக்கில்
குடிலுக்குள் போய் ரிம்மாவிடம் கேட்டேன்:
இத்தனை கண் கீழே திறந்திருக்கிறதே,
வேறெதுவும் தெரியாதா?

திரையைக் காட்டினாள். புள்ளிகள்.
ஜூன் மாதக் கரையில் மொய்க்கும் பூச்சிகள் போல.
"இது தண்ணீர். தண்ணீரே லேசாய் மினுங்கும்,
கரைந்துபோன எதெதிலிருந்தோ.
ஏன் என்று முழுசாய்த் தெரியாது.
எங்களுக்கு இது இரைச்சல்.
கழித்துவிடுவோம்."

கரைந்துபோன எதெதிலிருந்தோ.

எதற்குக் கேட்டேன் என்று
அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.
"இன்னொகென்தி, அது அப்படி இல்லை."
"எப்படி இல்லை?"
வாய் திறந்தாள், மூடினாள்.
"தெரியவில்லை" என்றாள்.
ஒன்பது வருஷத்தில்
யாரும் என்னிடம் அதைச் சொன்னதில்லை.
திரையை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு
வேலையே இல்லாத மூலையில்
எதையோ தேடப் போனாள்.

கழிப்பதற்கு முந்தைய வெளிச்சத்தைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஜெபம் வரவில்லை. எண்ணவும் இல்லை.
அடுப்பில் விறகு தீர்ந்தபோது
எழுந்து போட்டேன், மறுபடி உட்கார்ந்தேன்.

காலையில் துளைமேல்
விரல் பருமனுக்குப் பனி தோல் கட்டியிருந்தது.
கோடாரியால் தட்டித் திறந்துவிட்டு
வீட்டுக்குக் கிளம்பினேன்.

வழியில் ஜனவரித் துளை.
முழுக்க மூடிப் போயிருந்தது.
தழும்பாய் ஒரு சிலுவை,
உள்ளே ஆழத்தில் கொஞ்சம் சிவப்பு.
வண்டியை நிறுத்தி
முன்விளக்கை அணைக்காமல்
அங்கே கொஞ்ச நேரம் நின்றேன்.